மூலக்கரை நிறுத்தம்

ஓடும் பஸ்ஸில் எனக்கு வியாதி கிடையாது.
பைகாரா பள்ளத்தில் வண்டி இறங்கும்போது
கம்பி நடுங்கும், கண்ணாடி நடுங்கும்,
யாரோ ஒருவர் மடியில் தூக்குவாளிச் சாம்பார் நடுங்கும்.
அத்தனை கைகளில் என் கையும் ஒன்று.
நிறுத்தத்தில்தான் மாட்டிக்கொள்வேன்.
எஞ்சின் அணைந்த அமைதியில்
நான் நீட்டும் சில்லறை மட்டும்
இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

"காலையிலயே போட்டாச்சா?"
செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர்
வாயருகே வந்து மோந்தே பார்த்தார்.
பேச்சியம்மாள் வைத்த ரசம் மணத்திருக்கும்.

டாக்டர் நஸ்ரீன் வேறு மாதிரி கேட்டார்:
"ரெண்டு மடக்கு குடிச்சா நடுக்கம் குறையுதா?"
இருபத்தாறு வருஷம் குடிகாரன் என்று பேரெடுத்தவனுக்கு
அதற்குப் பதில் தெரியவில்லை.

தாளைக் கொடுத்து
கொசுவத்திச் சுருள் வரையச் சொன்னார்.
என் கைக்கு வந்தது
மிதிபட்ட ஜாங்கிரி.

மாத்திரையில் இரண்டு வருஷம் போனது.
பிறகு ஒரு வழி சொன்னார்கள்:
கத்தி இல்லை, தையல் இல்லை,
ஆயிரம் பக்கமிருந்து சத்தம்,
காதுக்கு எட்டாத சத்தம்,
பருப்பளவு இடத்தில் ஒன்றுகூடி
அந்த இடத்தைச் சுட்டுவிடும்.
விசிலால் பிழைப்பவன் நான்,
எனக்கு அதுதான் பிடித்திருந்தது.
ஸ்கேன் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.
என் மண்டை ஓடு சத்தத்தை உள்ளே விடாதாம்.
இவன் மண்டையில் எதுவும் ஏறாது என்று
ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்
எந்த மெஷினும் இல்லாமலே சொன்னார்.

ஆகவே துளை.

இரும்பு வளையத்தில் தலையைத் திருகி வைத்தார்கள்.
துளையிடும் சத்தம்
வெளியிலிருந்து வரவில்லை,
கடைவாய்ப் பல்லுக்குள்ளிருந்து வந்தது.
தூங்கக் கூடாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.
என்ன பேச?
"உங்க ரூட்டச் சொல்லுங்க."

பெரியார்.
கிரைம் பிராஞ்ச்.
கம்பி ஒரு மயிரிழை இறங்குகிறது.
வசந்த நகர்.
நீட்டிய கை ஆடுகிறது.
பழங்காநத்தம் எறங்குறவங்க முன்னால வாங்க.
யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள்.
பைகாரா.
மின்சாரத்தைக் கூட்டுகிறார்கள், விரல் நுனியில் சுரீர்.
பஷுமழை.
"நாக்கு தடிக்குது, கொறைங்க."
பசுமலை.
அடுத்தது
மூளைக்கரை.

மூலக்கரை என்றுதான் சொல்ல வந்தேன்.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள்.
டாக்டர் நஸ்ரீன் மட்டும் சிரிக்காமல்
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும் பார்த்தேன்.
வண்டி நின்றிருந்தது.

காறை எலும்புக்குக் கீழே இப்போது ஒரு பேட்டரி.
"கரண்டு போனா என்ன ஆகும்?"
பேச்சியம்மாளின் கவலை அது.
தெற்குக் கோபுர வாசலில்
மெட்டல் டிடெக்டருக்கு வெளியே ஒதுங்கி
அட்டையை நீட்டுகிறேன்.
பெண் காவலர் அட்டையைப் பார்த்து, நெஞ்சைப் பார்த்து,
"இப்ப ஓடுதா?"
"ஓடுதும்மா."

டூட்டிக்குத் திரும்பிய அன்று
டெப்போ கிளார்க் ரெஜிஸ்டரைத் திருப்பித் தந்தார்,
கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று.
வேறென்ன செய்ய,
நடுக்கி நடுக்கிப் பழையபடி போட்டுக்கொடுத்தேன்.
அதற்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.

மூலக்கரையில் வண்டி நிற்கிறது.
எஞ்சின் அணைந்த அமைதியில்
சில்லறையை நீட்டுகிறேன்.
பார்க்கட்டும் என்று
ஒரு நொடி கூடுதலாகவே நீட்டி வைத்திருக்கிறேன்.
ஒருவரும் என் கையைப் பார்க்கவில்லை.
கட்டம்போட்ட சட்டைக்காரர் எண்ணிவிட்டு,
"ரெண்டு ரூவா கொறையுது" என்றார்.

குறைந்துதான் இருந்தது.